முறைத் தண்ணீர்

மூணாறு தலைப்பில் ஷட்டர் திருகும் லஸ்கர் உத்திராபதி
சாயங்காலம் ரயில்வே கேட் திறக்கும்வரை
என் மருந்துக்கடையில் நிற்பார்.
இரண்டு மாத்திரை.
அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பேன்.
பெயரும் தேதியும் அச்சடித்த ஓரம்
என்னிடமே தங்கிவிடும்.

சீட்டு இருந்தது, இல்லாமலில்லை.
மூட்டுத் தேய்மானம், அஞ்சு நாள் என்று
டாக்டர் எழுதிய இடத்தில்தான்
மடிப்பு விழுந்தது.
மடித்து மடித்து அந்த அஞ்சு
தேய்ந்து ஓட்டையாயிற்று.
ஓட்டை வழியே ஒன்பது வருஷம் போனது.

திரும்ப டாக்டரிடம் போனால் ஒரு நாள் லீவு.
என்னிடம் வர
கேட் மூடியிருக்கும் நேரம் போதும்.

விழுங்கிய அரைமணியில்
முட்டி அவர் பேச்சைக் கேட்கும்.
ராத்திரி இரண்டு மணிக்கும் தலைப்பில் ஏறி
கோரையாற்றுக்கு இத்தனை, பாமணிக்கு இத்தனை என்று
அங்குலம் பார்த்துப் பிரித்துவிடுவார்.
"உன் புண்ணியம் தம்பி" என்பார்.
நானும் புண்ணியத்தைச் சில்லறையோடு
கல்லாவில் போட்டேன்.

முதலில் பாதம் வீங்கியது.
முட்டிதான் கீழே இறங்கியிருக்கிறது என்று
இன்னொன்று சேர்த்துக் கொடுத்தேன்.
இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

மன்னார்குடியில் ரத்தம் பார்த்து
கிரியேட்டினின் ஆறு என்றார்களாம்.
"எந்த ஆறுங்க?" என்று கேட்டாராம்.

இப்போது செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ்.
முட்டிவலி அப்படியே இருக்கிறது,
அந்த மாத்திரை மட்டும் ஆகாது.
நாளைக்கு எழுநூறு மில்லி,
குழம்பும் மோரும் அதற்குள்.
ஆற்றின் அளவுகோல் பார்த்த கண்
பழைய ரிஜிஸ்டரின் மிச்சப் பக்கங்களில்
வரத்து, வெளியேற்றம் என்று கட்டம் போட்டு
டம்ளரையும் மூத்திரத்தையும் எழுதுகிறது.
வெளியேற்றத்தில் சில நாள் கோடு மட்டும்.

மூன்று ஆறும் கரை தொட்டு ஓடிய அன்று
மன்னார்குடி பஸ் கேட்டில் நின்றது.
ஜன்னலோரம் அவர், வாயில் ஒரு ஐஸ்துண்டு.
என் கடையைப் பார்த்தார்.
கோபமில்லை. அதுதான்.

நேற்று நடவு முடித்து ஒருத்தி, சேறு காயாத காலோடு:
"அந்த மஞ்ச மாத்திரை ரெண்டு குடு."
கத்தரியை எடுத்தேன். வைத்தேன்.
"ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"
"மாத்திரை கேட்டா என்னத்தடா கேக்குற நீ"
என்று நொண்டிக்கொண்டே விறுவிறுவென
எதிர்க்கடைக்குப் போனாள்.

அங்கே
கத்தரி நல்ல கூர்.