காரணம்: பெற்றோர் விருப்பம்

கோரிமேட்டில், ஜிப்மர் வாசலுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
எத்தனையோ பிள்ளைகளின் டி.சி.யை
இந்தக் கண்ணாடியில் குப்புறப் படுக்க வைத்திருக்கிறேன்.
ஒன்றையும் படித்ததில்லை.
படித்தால் வரிசை நகராது.

இப்போது படிக்கிறேன்.
இரவு பத்தரை, ஷட்டர் பாதி இறங்கியிருக்க,
லிமரிக் என்ற ஊரின் பள்ளிகளை
கைப்பேசியில் விரலால் அகட்டி அகட்டி.

இமெல்டா போய் ஐந்து மாதம்.
டூட்டி முடிந்த பஸ்ஸிலிருந்து குரல் வரும்:
"வீட்டு விலாசம் இருந்தாதான் ஸ்கூல்ல சேப்பாங்களாம்.
ஸ்கூல் எதுன்னு தெரியாம
நான் எந்தப் பக்கம் வீடு தேட?
நீயே பாத்துச் சொல்லிடு."

இங்கே சுலபமாக இருந்தது.
ஷேர் ஆட்டோ எந்தப் பள்ளிக்குப் போனதோ
அந்தப் பள்ளி.

வரைபடத்தில் அந்த மஞ்சள் பொம்மையைத் தூக்கி
ரோட்டில் இறக்கிவிட்டேன்.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி நடந்தேன்.
மழை விட்ட தெரு, ஆளில்லை.
ஒரு வீட்டு முன் சின்ன சைக்கிள் சாய்ந்து கிடந்தது.
இந்நேரம் அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும்.
பள்ளியின் கேட் வந்தது.
அதற்கு மேல் அம்பு இல்லை.

விண்ணப்பம் கேட்டது: வீட்டில் பேசும் மொழி.
பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன்,
'மற்றவை'யைத் தொட்டேன்.
குழந்தையைப் பற்றி நாங்கள் அறிய வேண்டியது?
யூஜின், ஏழு வயது.
கணக்கை வாயால் சொல்வான்,
எழுதச் சொன்னால் அழுவான்.
பயந்தால் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கடிப்பான்.
அழித்துவிட்டு
நல்ல பையன் என்று போட்டேன்.

எழில் ஆறாம் வகுப்பு.
அங்கே ஐரிஷ் என்று ஒரு பாடம் உண்டு என்றதும்
நிமிர்ந்து பார்த்தாள்.
"அம்மா பஸ்லகூட யாரும் அத பேசறதில்லையாம்.
பின்ன எதுக்குப் படிக்கணும்?"
மார்க் வரும் என்று
தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுக்க வைத்தவன் நான்.
பேப்பர் ட்ரேயை இழுத்துச் சரிபார்த்தேன்,
நிறையப் பேப்பர் இருந்தது.

ஆற்றோரம் கன்னியர் நடத்தும் பள்ளி பதில் போட்டது:
மகளுக்கு இடமுண்டு,
மகன் காத்திருப்பில் பதினான்காவது.
பதினான்கு.
ஓ.பி. டோக்கன் என்றால் பதினோரு மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.
"ரெண்டு ஸ்கூல்னா ரெண்டு மணி, ரெண்டு கேட்.
நைட் டூட்டி முடிச்சிட்டு
நான் எந்த கேட்ல நிப்பேன்?" என்றாள் இமெல்டா.
பின்னால் பஸ் நிறுத்தம் சொல்லும் பெண்குரல்
வேறெதையோ சொன்னது.

இன்னொன்று,
தகர அறைகளில் நடக்கும் புதுப் பள்ளி.
மைதானம் இனிமேல்தான்.
அவர்கள் கடிதத்தில் கடைசியாக ஒரு வரி:
மகளின் பெயரை எப்படிச் சொல்வது?
குரலில் பதிந்து அனுப்பினேன்.
எழில்.
லாரி போனது; மறுபடி, எழில்.
மூன்றாம் முறை அவளே போனைப் பிடுங்கிச் சொன்னாள்,
தன் பெயரைத் தானே கூப்பிடுகிற கூச்சத்தோடு.

அந்த வரிக்காகத்தான் அந்தப் பள்ளி என்று
எழிலிடம் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு இடம் அங்கே மட்டும்தான் இருந்தது.

நேற்று டி.சி. வாங்கினோம்.
நடத்தை: நன்று.
விலகக் காரணம்: பெற்றோர் விருப்பம்.
எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவாராம் எழுத்தரம்மா.
ஆளுக்கு ஆறு காப்பி.
மூடியைத் தூக்கிப் பார்த்து யூஜின் கேட்டான்,
"விருப்பம்னு போட்டிருக்கே, உனக்கா, அம்மாவுக்கா?"

வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.
ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒருவர்
படியேறி வந்து நின்றார்.
"ரெண்டு பக்கமும் எடுங்க" என்றார்.
எடுத்தேன்.