வரிசை இருநூற்றுப் பதினான்கு

ரோட்டர்டாமில் செவ்வாய்க்கிழமை மாலைதோறும்
எனக்கு வகுப்பு.
நாற்பத்தொன்பது வயதில், காதிடுக்கில் பென்சிலோடு.
பகலெல்லாம் தரைக்கு நாற்பது மீட்டர் மேலே
கண்ணாடிக் கூண்டில் தொங்கியவளுக்கு
அந்த இரண்டாம் மாடி
பள்ளம்போல் இருக்கிறது.

சங்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்
'மாக்டெல்ட் கணக்கில் கெட்டி' என்று.
கைதூக்கி முடித்துவிட்டார்கள்.
ஆறாயிரம் பேரின் ஓய்வூதிய நிதிக்கு
நானும் துலியோவும் அறங்காவலர்கள்,
தேர்வில் தேறினால்.

இடர் என்பது நட்டமல்ல, என்கிறாள் ஃபெம்கே.
இருபத்தாறு வயது, பெரிய மூக்குக்கண்ணாடி.
இடர் என்பது ஆட்டம்:
நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி,
எத்தனை முறை.
பலகையில் ஒரு மணி வடிவத்தை வரைகிறாள்.
கொக்கியில் ஆடும் பெட்டிக்குச் சூத்திரம் உண்டென்று தெரியாமலே
இருபத்திரண்டு வருடம்
ஆடவிடாமல் இறக்கியிருக்கிறேன்.

'எடை' என்ற சொல் வந்தபோது
துலியோ முழங்கையால் இடித்தான்.
பங்குக்கு இத்தனை, கடன் பத்திரத்துக்கு இத்தனை,
மீதி கட்டடங்களில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
நாங்கள் ஆற்றின்மேல் போடுகிறவர்கள்;
கனத்தது அடியில், லேசானது மேலே,
ஒரு பக்கம் சாய்ந்தால்
கப்பல் நமக்கு மரியாதை காட்டாது.

அதுவரை எளிதாக இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது:
கப்பலுக்குத் துறைமுகம் உண்டு,
இந்த நிதிக்குக் கிடையாது.
போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையனும்
ஷூர்டின் மனைவியும் ஒரே தளத்தில்.
அவளுக்கு இருபத்தைந்தாம் தேதி பணம் வேண்டும்.
அவனுக்கு நாற்பத்தாறு வருடம் கழித்து.
ஷூர்ட் ஒரு மாதத் தொகைகூட வாங்கவில்லை.
அதற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது,
அதில் அவன் ஒரு தசமம்.

வீட்டுப்பாடம்: நம் நிதி எதையெல்லாம் வைத்திருக்கிறது, படித்து வாருங்கள்.
முப்பத்தொரு பக்கம்.
சோப்பு, தடுப்பூசி, சாக்லேட், சுங்கச்சாவடி,
எனக்கு வாயில் நுழையாத ஊர்களின் அரசுக் கடன்.
வரிசை இருநூற்றுப் பதினான்கு:
ஆளில்லாக் கிரேன் செய்யும் நிறுவனம்.
நம் எடை பூஜ்யம் புள்ளி ஆறு சதவீதம்.
சென்ற ஆண்டு ஏற்றம் முப்பத்தொன்று.

அக்கரையின் புது முனையத்தை எனக்குத் தெரியும்.
இரவில் விளக்கே இல்லாமல் பெட்டிகள் நகர்கின்றன.
பார்க்கக் கண்ணில்லாததற்கு
வெளிச்சம் எதற்கு.

'வித்துத் தொலை' என்றான் துலியோ, வகுப்பு அதிர.
'நம்ம காசு. நம்ம கழுத்து.'
ஃபெம்கே வாதாடவில்லை.
பலகையில் இரண்டு கோடு போட்டாள்.
ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறியது.
கீழே எழுதினாள்: ஒட்டுறவுக் கெழு.
அதன் முன்னால் ஒரு சிறிய கழித்தல் குறி.

வீடு திரும்புகையில் பாலம் தூக்கியிருந்தது.
மணல் ஏற்றிய படகு ஒன்று
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி கணக்குப் போட்டேன்.
விற்றாலும் அந்தக் கிரேன் நிற்காது.
வேறு யாரோ வாங்குவார்கள், அவ்வளவுதான்.
முப்பத்தொரு பக்கத்திலும்
என் கூண்டு காலியாகும் நாளில் ஏறப்போகும் சரக்கு
அது ஒன்றுதான்.
குளிர்ந்தது. பாலம் இறங்கியது.
பின்னாலிருந்தவர் மணியடித்தார்.

தேர்வில் எழுபத்தெட்டு.
துலியோ எழுபது, சரியாகக் கோட்டின்மேல்.

முதல் கூட்டம்.
நீள மேசை, பொட்டலம் பிரிக்காத பிஸ்கட்.
தலைவர் என் பக்கம் திரும்பியபோது
என்ன கேட்பேன் என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
முகத்தில் ஏற்கெனவே வருத்தத்தை
உடுத்தியிருந்தார்கள்.

வரிசை இருநூற்றுப் பதினான்கு, என்றேன்.
எடை போதாது.

இரண்டு வாரம் துலியோ என்னோடு பேசவில்லை.
கப்பல் தளத்தில் மஞ்சள் சட்டையில் நின்று
அண்ணாந்து பார்க்காமல்
கையை மட்டும் காட்டினான்:
இறக்கு.
இன்னும்.
இன்னும்.
நிறுத்து.