இரைச்சல் பதிவேடு

முதலில் சேலத்தைக் கழித்தோம்.
இரும்பாலையை, சந்திப்பில் பெட்டி கோர்க்கும் சரக்கு ரயிலை,
வெள்ளைக்கல் குவாரியில் ஒன்றரைக்கு என்று சொல்லி
ஒன்று ஐம்பதுக்கு வைக்கிற வெடியை.
எல்லாமே பாறை வழியாக மலையேறி வந்தன,
டிக்கெட் எடுக்காமல்.

கடைசி வளைவுக்கு மேலே
பூட்டிக் கிடந்த காபிக் கிடங்கு எங்கள் கூடம்.
பத்து மீட்டர் குழாய், உள்ளே காற்றில்லை.
இரு முனையிலும் தொங்குகிற கண்ணாடி.
ஊசலுக்குக் கீழே ஊசல், அதற்கும் கீழே ஊசல்;
தரையின் ஆட்டம் ஒவ்வொரு படியிலும்
கொஞ்சம் மறந்துபோகும்.

கண்ணாடியைத் தாங்கும் இழையும் கண்ணாடிதான்.
ஜெரோம் உருக்கி இழுப்பான்.
விரல் பட்டால் போயிற்று,
அன்றைக்கே அறாது, பத்து நாள் கழித்து அறும்,
யார் விரல் என்று தெரியாதபடி.
நான்காவது இழை அறுந்த மாலை
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஏரிக்கரைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு
ஐந்தாவதைத் தொடங்கினோம்.

அப்புறம் ஒரு திருகாணி.
அதன் தலையில் பட்டுத் தெறித்த வெளிச்சம்
வரக்கூடாத வழியில் திரும்பி வந்து
தானும் ஒரு செய்தி போல நின்றது.
கண்டுபிடிக்க இரண்டு மாதம்.
கறுப்புப் பூச இரண்டு நிமிடம்.

தினமும் விடிகாலை நாலு பன்னிரண்டுக்கு ஒரு முள்.
வரைபடத்தில் அது இல்லாத நாளே இல்லை.
செங்கோடன் ஸ்வெட்டரும் டார்ச்சுமாய்
பத்தொன்பதாம் வளைவில் உட்கார்ந்து பிடித்துவிட்டான்:
பால் வண்டி, கியர் மாற்றுகிற இடம்.
மாதையன் அண்ணன் ஜன்னல் வழியே கேட்டாராம்,
"நான் என்னப்பா பண்ணேன்?"
ஒன்றும் இல்லை அண்ணே,
ஒரு புரோட்டானின் அகலத்தைவிடச் சின்னதாய்
எதையோ அளக்கப் பார்க்கிறோம்,
நீங்கள் குறுக்கே வருகிறீர்கள்.
இதை எப்படிச் சொல்வது?
சொல்லவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தானாம்.

வெளியே உள்ளதைத் துரத்தினால்
உள்ளே இருப்பது பேசத் தொடங்குகிறது.
கண்ணாடி மேல் படலம் படலமாய்ப் பூசிய பூச்சு
தன் சூட்டிலேயே நடுங்குகிறது.
குளிரூட்டலாம்,
குளிரூட்டும் பம்பு நடுங்கும்.
ஒளியைக் கூட்டினால் துலங்கும்,
கூட்டிய ஒளியே கண்ணாடியைத் தள்ளும்.
பார்ப்பதே ஒரு தள்ளுதான் என்று
அறிக்கையில் எழுதினேன்,
கவிதை வேண்டாம் என்று அடித்து அனுப்பினார்கள்.
அதனால் ஒளியைப் பிழிகிறோம்:
நிச்சயமின்மையை ஒரு பக்கம் அமுக்க
மறுபக்கம் பிதுங்குகிறது.
நமக்கு வேண்டாத பக்கம் பிதுங்கட்டும்.
ஆனால் போகிற வழியில் லென்ஸுக்கு லென்ஸ் சிந்துகிறது,
சிந்திய இடத்தில்
பழைய இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கெல்லாம் அப்பால் ஒன்று
இப்போதைக்குக் கணக்கில் மட்டும் இருக்கிறது.
மலை மேல் நகரும் காற்று
ஓரிடத்தில் அடர்ந்து ஓரிடத்தில் மெலிகிறதே,
அந்த எடை கண்ணாடியை இழுக்கும்.
மேகம் இழுக்கும். வேலியோரம் மேயும் காட்டெருமை இழுக்கும்.
சத்தத்துக்குச் சுவர் வைக்கலாம்,
வெளிச்சத்துக்குத் திரை போடலாம்,
ஈர்ப்புக்குக் கதவே கிடையாது.
மற்ற எல்லாம் அடங்கினால்தான்
அது எங்களுக்குக் கேட்கும்.
அந்தக் கெட்ட செய்தியைக் கேட்கத்தான்
எட்டு வருடமாக உழைக்கிறோம்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
பதின்மூன்றாம் வளைவில் மண் சரிந்து பாதை அடைந்தது.
குவாரி ஓய்வு. பஸ் இல்லை.
அந்த இரவு கோடு இறங்கியது,
இறங்கியது,
இதுவரை இறங்காத ஆழத்துக்கு.
ஜெரோம் கைதட்ட ஓங்கிய கையை
அப்படியே காற்றில் நிறுத்திக்கொண்டான்.

ஊரில் பால் இல்லை.
கறுங்காப்பியோடு திரைமுன் உட்கார்ந்திருந்தோம்.
நாலு பதினொன்று.
நாலு பன்னிரண்டு.
தட்டையான கோடு.
நாலு பதின்மூன்றுக்குச் செங்கோடன் எழுந்து
ஜன்னலைத் திறந்து பாதையைப் பார்த்தான்.
மூடுபனிதான்.

பதிவேட்டில் எழுதினேன்:
முள் இல்லை.
காரணம்: மாதையன் வரவில்லை.