ஒரு விரல் வெயில்

துறைமுகத்தில் கடல் கிழக்கே கிடக்கிறது.
சூரியன் விழுவதோ எங்கள் வீடுகளின் மேல்.
ஆடியில் மணலிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால்,
மார்கழியில் பேசின் பிரிட்ஜ் பக்கம்.
கீழே நிற்கிற எனக்குக் கண்டெய்னர் அடுக்கு மறைத்துவிடும்.
நாற்பது மீட்டர் மேலே, கண்ணாடிக் கூண்டில்,
கமாலியேலுக்கு அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

நோன்பு மாதத்தில் வாக்கி டாக்கியில் கேட்பேன்:
"மேல போய்ட்ச்சா?"
"இன்னும் ஒரு வெரலு கீது பாய்."
பாங்கு சொல்லி முடிந்த பிறகும்
அந்த விரலுக்காகப் பேரீச்சம்பழத்தோடு
நின்றிருக்கிறேன், பல நாள்.

அவன் ஏழாம் நாள் சபை.
கொருக்குப்பேட்டையில் மாவு மில்லுக்கு மேல் மாடி.
வெள்ளி அந்தி தொடங்கிச் சனி அந்தி வரை
ஒரு பொத்தானையும் அழுத்த மாட்டான்.
வேலைக்குச் சேரும்போதே எழுதிக் கொடுத்தான், இரண்டு நகல்:
ஞாயிறு நான் வருகிறேன், தீபாவளி வருகிறேன்,
பொங்கலுக்கு மூன்று நாளும் வருகிறேன்.
மூன்று வருஷம் தணிகாசலம் சார்
ஷிப்டை மாற்றி மாற்றி ஒட்டினார்.
பிறகு புது மேனேஜ்மென்ட்.
கப்பலுக்குக் கிழமை தெரியாது என்றார்கள்.

நான் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.
ரீஃபர் பெட்டிகளின் இடுக்கில்,
அவை விடும் சூட்டுமூச்சில்,
தண்ணி பாட்டிலில் ஒளு செய்து
அட்டையை விரித்து மூன்று ரக்அத்.
பதிவேட்டில்: டீ.
பத்தொன்பது வருஷமாக நான் குடிக்காத டீயில்
ஒரு இழுவைப் படகு மிதக்கும்.

அந்த வெள்ளி
அவனை விடுவிக்க வேண்டியவன் வரவில்லை.
கடைசிப் பெட்டி, இருபத்தெட்டு டன்,
கப்பலிலிருந்து எழும்பி வந்துவிட்டது.
கீழே ட்ரெய்லர் நிற்கிறது. நான் இல்லை.
கை காட்ட ஆளில்லாமல் இறக்கக் கூடாது.
ஏழு நிமிடம் அது அந்தரத்தில்.

ஓடி வந்தேன், முழங்கை ஈரத்தோடு.
"ஆரியா, ஆரியா."
சத்தமே வராமல் வைத்தான்.
சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு
இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினான்.
பின்னால் ஆறு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
"ஞாயித்துக்கெழம வரேன் சார்."
அவ்வளவுதான் பேசினான்.

குற்றம் ஒன்று, பணி மறுத்தது.
ஒப்புக்கொண்டான்.
குற்றம் இரண்டு, சுமையை அந்தரத்தில் நிறுத்தியது.
"ஆமா சார், தொங்கிச்சு."
ஏன் தொங்கியது?
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தது.
அப்போது நீ எங்கே?
"டீ சார்."
எழுதிக்கொண்டார்கள்.

அவன் என்னை முறைத்திருக்கலாம்.

அஸ்தமன அட்டவணை அவன் சட்டைப் பையில் இருக்கும்,
லேமினேட் போட்டது, ஓரம் பிரிந்தது.
அன்றைக்கு ஐந்து ஐம்பத்திரண்டு.
பெட்டி ட்ரெய்லரைத் தொட்டது ஐம்பத்தெட்டில்.
மூன்று வருஷம் ஒருவருக்கும் கொடுக்காத நாளிலிருந்து
ஆறு நிமிடம் கிழித்து
என் சஜ்தாவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.
அந்த ஆறு நிமிடத்துக்கு
அவன் ஆண்டவரிடம் என்ன என்று பதிவு போட்டானோ.

மூலக்கடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானாம்.
பார்க்கப் போனேன்.
தெரிந்தேதான், ஒரு சனிக்கிழமை.

இந்த வருஷ நோன்பில், பழக்கதோஷம்,
புது ஆபரேட்டரிடம் கேட்டுவிட்டேன்:
"மேல போய்ட்ச்சா?"
"இன்னா போய்ட்ச்சா?"
கிரேன் ஓடிக்கொண்டே இருந்தது.
பழம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.