ஆவி

காக்ஸ் டவுனில் சாலையை அகலமாக்க
ஆவி மரத்தை வெட்டினார்கள்.
கன்னடத்தில் அதற்குத் தபசி என்று பேர்.
தவம் கலைந்ததும்
தெருவெல்லாம் நாறியது.
முந்நூறு ரூபாய்க்கு லாரிக்காரர் முனிகிருஷ்ணப்பா
ஆறடிக் கிளையொன்றை
மாடிப்படி வரை இழுத்துவந்து போட்டார்.
எதுக்கும்மா?
வில் செய்ய.
யாரை அடிக்க, என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனார்.

பிளக்க ஒரு ஜோடிக் கை போதவில்லை.
பதினோரு மாதமாகப் பேசாத தம்பி டேமியன்
பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்தான்.
முதலில் இதைப் பிடி, என்றேன்.

சொன்னதும் விண்டுபோகும் மரமல்ல இது.
நாலு இரும்பு ஆப்பு இறங்கிய பிறகும்
பிளவுக்குள்ளே நார்கள்
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாய்
இழுத்துக்கொண்டு நின்றன.
கைக்கோடரியால் ஒவ்வொன்றாய் அறுத்தோம்.
அப்படியும் சரிபாதியாக வரவில்லை.
ஒன்று தடி, ஒன்று ஒல்லி.
பத்திரத்தை அவன் வெளியே எடுத்தானா,
நான் பார்க்கவில்லை.
வெயர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

பச்சை மரம் முனையில் வெடிக்கும்.
கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை
இரண்டு முனையிலும் அப்பி
கட்டிலடியில் தள்ளினேன்.
மாதம் ஒருமுறை
பெட்டி நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு
எடை குறித்தேன்.
பிப்ரவரியில் எண் இறங்காமல் நின்றது.

நடுவில் ஒரு கோணல்.
குக்கர் மூக்கில் குழாய் மாட்டி
முக்கால் மணி நேரம்
ஆவிக்கு ஆவி பிடித்தேன்.
முழங்காலில் வைத்து அழுத்தியபோது
காய்ச்சல் கண்ட பிள்ளைபோல்
சொன்னபடி கேட்டது.

பதினெட்டு வருடம் கணக்கெழுதிய கை இது.
வரவும் செலவும் பழகிய கைக்கு
இங்கே கழித்தல் மட்டும்.
வில்லின் முதுகில் கீறல் விழக்கூடாது.
அடிப்பதென்றால் வயிற்றில்தான் அடிக்க வேண்டும்.
நம் வீட்டு வழக்கம்தான், என்று
யாரிடமாவது சொல்லிச் சிரிக்கத் தோன்றியது.

ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ளி நின்று
வளைவைப் பார்க்க வேண்டும்.
தனியாளாகவும் செய்யலாம்.
இருந்தாலும் டேமியனுக்குப் போன் போட்டேன்.

நாண் இன்னும் பூட்டவில்லை.
துணி காயப்போடும் நைலான் கயிறு,
கதவு நிலையில் அடித்த கட்டை,
கீழே ஒரு கப்பி.
இழுத்தான். தராசில் ஒன்பது கிலோ.
இடது பக்கம் குழைகிறது,
வலது விறைத்து நிற்கிறது, என்றேன்.
குழையிற பக்கத்துக்கு
ஏதாவது ஒட்டுப் போடேன், என்றான்.
மெலிந்ததோடு எதையும் சேர்க்க முடியாதுடா.
வலுத்ததைத்தான் சுரண்டணும்.

என்னைப் பார்த்தான்.
எங்களில் யார் எந்தப் பக்கம் என்று
இருவருக்கும் ஒரே சந்தேகம்.

சுரண்டினேன். இழுத்தான்.
சுரண்டினேன்.
அவன் கால்மேல் மாவாய் விழுந்தது மரம்.
இன்னும் லேசாக நாறியது.
பை நாற்காலியில் கிடந்தது,
ஜிப் பாதி திறந்து.

பன்னிரண்டு கிலோவில்
டிக் என்றது.

அப்படியே நின்றோம்,
அவன் கயிற்றோடு, நான் அரத்தோடு.
கீழே ஏதோ வண்டி
பின்னால் வந்துகொண்டே இருந்தது.
முதுகு முழுக்க விரலால் தடவினேன்.
பிசிறில்லை.
கட்டையின் ஆணிதான் நகர்ந்திருக்கிறது.

இன்னும் இழுக்கட்டுமா?
ஒரு கிலோ, என்றேன்.
மெதுவா.