இடது கன்னம் பத்தொன்பது ஸ்லோட்டி

வூச் நகரம். நவம்பர். காலை ஐந்தே கால்.
குளியலறைக் குழல்விளக்கு யாருக்கும் பரிவு காட்டாது.
அதனால்தான் அதன் கீழ் நிற்கிறேன்.

மூக்குத்தண்டு நெடுக மனதால் ஒரு கோடு.
கோட்டுக்கு இடப்பக்கம்
மருந்துக்கடைத் தள்ளுபடிக் கூடையில் பொறுக்கிய ஃபவுண்டேஷன்:
பத்தொன்பது ஸ்லோட்டி, தொண்ணூற்றொன்பது குரோஷ்.
பிதுக்கினால் தும்முகிற பிளாஸ்டிக் குழாய்.
வலப்பக்கம்
இருநூற்று எழுபது.
கனத்த கண்ணாடிக் குப்பி. மூடும்போது காந்தம்
டக்கென்று இழுத்துக்கொள்ளும்.
விலையில் பாதி அந்தச் சத்தத்துக்கு என்பது என் கணிப்பு.
மறுபாதிக்குத்தான் இந்தச் சோதனை.

விற்ற பெண் கிங்கா
என் மணிக்கட்டில் நான்கு கோடு இழுத்து
மூன்றாவதைத் தொட்டுச் சொன்னாள்:
'இது நீங்கள்.'
இரண்டு வாரம் மதியத்தை
வெறும் ரொட்டியோடு முடித்துக்கொண்டு
என்னை நானே வாங்கி வந்தேன்.

ஏற்கெனவே இழுப்பறை மூடாது.
உதட்டுச்சாயம் முப்பத்தொன்று, அதில் ஒன்பது ஒரே சிவப்பு.
அக்கா பொழேனா சொல்வாள், ஒன்பதும் ஒன்றுதான் என்று.
அவளுக்குக் கண் சரியில்லை.

ஒரே பஞ்சு, இரண்டு முனை. மேலே ஒரே பவுடர்;
இல்லாவிட்டால் நியாயமாகாது.
நோட்டில் எழுதுகிறேன்:
5.40. இருவரும் நலம்.

டிராமில் டிக்கெட் பரிசோதிப்பவள் நான்.
முகம் கொடுத்து யாரும் பேசாத உத்தியோகம்.
ஏறி அட்டையைக் காட்டியதும்
பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.
வெளியே எல்லோருக்கும் அவசரமாக ஏதோ தெரியும்:
மழை, சுவர், மழை.
பாதிப்பாதி முகத்தோடு ஊரைச் சுற்ற
இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

எட்டு மணி. இடது மூக்கோரம் வழுக்கல்.
பத்து மணி. இடது லேசாக ஆரஞ்சு.
வலது,
சொல்லத்தான் வேண்டும்,
தோல்போலவே இருந்தது.
என் தோல்போல அல்ல.
நன்றாகத் தூங்கி எழுந்த, கடனில்லாத
வேறொருத்தியின் தோல்போல.
எனக்குக் கோபம்கூட வந்தது.
இடது ஜெயிக்கட்டும் என்று
உள்ளுக்குள் வேண்டியிருக்கிறேன் போல.

பதினொன்றரை. பியோத்ர்கோவ்ஸ்கா தாண்டி
இரண்டு வாளியோடு ஒருவர் ஏறினார்.
வாளியில் பெயிண்டால் எழுதியிருந்தது: ஸ்லவோமிர்.
வேலையிடத்தில் எவனும் தூக்கிப்போகாமல் இருக்க.
டிக்கெட்டை நீட்டினார். பார்வையைத் திருப்பவில்லை.
ஒரு கண்ணை இடுக்கி, தலை சாய்த்து,
வெளிச்சம் குறுக்காக விழும்படி ஓரடி நகர்ந்து,
சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

'இரண்டு கொத்தனார் வேலை' என்றார்.

'என்னது?'

'பூச்சு. வலப்பக்கம் சரக்கு உயர்ந்தது.
ஆனால் பூசினவன் பயந்திருக்கிறான்,
ஓரத்துக்குக் கொண்டுபோகவே இல்லை.
இடப்பக்கம் சரக்கு மட்டம்.
ஆள் பொறுமைசாலி.'

பூசி மெழுகத் தெரியாத பூச்சுக்காரர்.
சொன்னதோ அப்பட்டமான உண்மை:
ஒவ்வொரு சொட்டுக்கும் காசு எண்ணி
வலப்பக்கம் என் கை நடுங்கியது.

'இரண்டும் நான்தான்' என்றேன்.

'அப்படியென்றால் இரண்டு கூலி கேளுங்கள்.'

சிரித்தேன்.
கழுத்தில் அட்டை தொங்க,
ஜன்னல்கள் எல்லாம் என் பக்கம் திரும்பும் அளவுக்கு.
அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேர் குதித்து ஓடினார்கள்.
டிக்கெட் எடுக்காதவர்கள், வேறென்ன.

பணிமனைக் கழிவறைக் கண்ணாடி. நோட்டு.
12.10. காலரில் கறை; எந்தப் பக்கத்தது என்று தெரியவில்லை.
இருபுறமும் வாயோரம் மயிரிழை விரிசல்.
சரக்கின் குற்றமல்ல.
சோதனை செல்லாது.
சனிக்கிழமை மறுபடியும்,
வலப்பக்கம் ஓரம்வரை.