நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
பிழை திருத்தம் சேர்த்தால் இருபது.
வேலூர் ஆபீசர்ஸ் லைன், ஜெராக்ஸ் கடை மாடியில்
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
இன்ஜினியரிங் பசங்களின் புராஜெக்ட்
எல்லாவற்றுக்கும் இதே பத்து விரல்தான்.

ஆளவந்தார் சார் நான்கு நோட்டுகளோடு வந்தார்.
வங்கித் துணை மேலாளர், ஓய்வு. சத்துவாச்சாரியில் சொந்த வீடு.
முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர்: தேசம்மா.
"யாருங்க சார் இது?"
"நான்தாம்மா" என்றார்,
கொஞ்சம் பணிவாகக்கூட.

நாவலில் தேசம்மா
ராணிப்பேட்டைத் தோல்ஷாப்பில் வேலை செய்கிறாள்.
பக்கத்துக்கு இரண்டு முறை அழுகிறாள்.
நாற்றம் தாளாமல் தினமும் மூக்கைப் பொத்துகிறாள்.
வேலை முடிந்து பாலாற்றில் இறங்கிக் குளிக்கிறாள்,
கழுத்தளவு தண்ணீராம்.
அங்கே நிறுத்திவிட்டு
கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிழை என்றால் ஒற்று மட்டும்தானா?
கழுத்தளவுத் தண்ணீரை மணலாக்கினேன்.
சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்கையை விட்டவளுக்கு
உறை மாட்டினேன், ஓட்டை விழுந்த உறைதான்.
மூக்கைப் பொத்திய இடங்களை அழித்தேன்.
ஒரு வாரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.
நாற்றம் தெரிவது பஸ்ஸில்,
அடுத்தவர் முகத்தில்.

இதை சாரிடம் சொல்லவில்லை. எழுதினேன்.
ஒரு முழுப் பக்கம் வந்துவிட்டது.
முத்துக்கடையில் ஏறுகிறார் ஒருவர்.
நிற்க இடமில்லாத கூட்டம்,
அவர் பக்கத்து சீட் மட்டும் காலி.
டிபன் கேரியரை அதில் உட்காரவைத்து
மேல்விஷாரம் வரை பேசிக்கொண்டே வருகிறார்:
"சௌகரியமா இருக்கா? உனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திரட்டுமா?"

அப்பா அப்படித்தான்.

சார் படித்தாரோ இல்லையோ,
'சரி' என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்தது. பரிசும் வந்தது.
ஆசிரியர் மேடையில் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.
பதிப்பாளர் குலசேகரன் சென்னையிலிருந்து காரில் வந்தார்.
"அப்பா எங்கே வேலை?"
"தோல்ஷாப்பு. இறந்துட்டாரு."
"அற்புதம்" என்றவர், உடனே "அடடா" என்று மாற்றினார்.
"உங்க பேரு?"
"ஜாஸ்மின் சுகந்தி."
"பேர் பொருந்தலை. முகம் பொருந்துது.
பொட்டு வச்சுக்குங்க. கண்ணாடியக் கழட்டிருங்க."

கண்ணாடி இல்லாவிட்டால்
முழத்துக்கு அப்பால் எனக்கு உலகம் கிடையாது.
விழா மண்டபத்தின் முன்வரிசை
ஒரே வெள்ளைச் சட்டை மேகம்.
ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு.
பார்க்காமலே வந்தது.
டிபன் கேரியர் உட்காரும் இடத்தில் யாரோ சிரித்து
அவசரமாக அதை இருமலாக்கினார்.

திறனாய்வாளர் எழுந்தார்.
"தேசம்மாவின் கண்ணீர் அசல். தலை வணங்குகிறேன்.
ஆனால் இந்த ஒரு பக்கம் உறுத்துகிறது.
வலியை அறிந்தவர் இப்படி நகைக்கமாட்டார்.
யாரோ வெளியாள், வசதியான ஓர் ஆண்
இடைச்செருகியிருக்க வேண்டும்."
கைதட்டல். குலசேகரன் குறித்துக்கொண்டார்.
கடைசி வரிசையில் ஆளவந்தார் சார்
காது மடல் சிவக்கத் தலை குனிந்தாராம்.
அந்தப் பக்கத்தைத் தானே எழுதியதாக
எப்போதோ நம்பத் தொடங்கியிருந்தார், பாவம்.

இரண்டாம் பதிப்பு வேலையும் என்னிடமே வந்தது.
நீக்குவதற்கும் அதே இருபது ரூபாய்தான்.
நீக்கினேன்.
நூற்றுப் பதினொன்றின் அழுகையும்
நூற்றுப் பதின்மூன்றின் அழுகையும்
தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டன,
முதல்தரச் சரக்கு.

பில்லில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கவில்லை.
முதல் பதிப்பிலும் அதற்கு நான் காசு வாங்கவில்லை.